நெடுக்கும் குறுக்கும்: லெமான் ஏரியின் பயணக் கப்பல்கள்

ஆல்ப்ஸ், ஜூரா என்னும் இரு மலைத்தொடர்களுக்கு நடுவே பிறைவடிவில் கிடக்கிறது லெமான் ஏரி. ஜெனீவா ஏரி என்று உலகம் அறிந்ததும் இதுவே. ஆயினும் ஒரு நகரத்தின் பெயரால் ஏரி முழுவதும் அழைக்கப்படுவதைக் கரையிலுள்ள மற்ற ஊரார் அவ்வளவாக விரும்புவதில்லை. நீளம் 73 கிலோமீட்டர். மிக அகன்ற இடத்திலும் அகலம் 14 கிலோமீட்டரைத் தாண்டாது. ஆழமோ 310 மீட்டர். வடகரை முழுவதும் சுவிட்சர்லாந்துக்கு உரியது. தென்கரையின் பெரும்பகுதி சவாய் நாடாக இருந்து, 1860ஆம் ஆண்டில் பிரான்சுடன் இணைந்தது. நீர்ப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இன்று பிரான்சின் எல்லைக்குள் அடங்கும்.

இத்தகைய ஏரியில் ஓடும் கப்பலுக்கு இரண்டு வேலைகள் உண்டு. மேற்கு முனையிலுள்ள ஜெனீவாவிலிருந்து கிழக்கு முனையிலுள்ள வில்நெவ் வரை நெடுக்காகச் செல்வது ஒன்று. ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் குறுக்காகக் கடப்பது மற்றொன்று. லெமான் ஏரியின் இருநூறு ஆண்டுக் கப்பல் வரலாற்றைப் படிப்போர் பலரும் நெடுக்குப் பயணத்தின் அழகிலேயே மனம் தோய்ந்துவிடுகின்றனர். அஞ்சலட்டைகளில் அச்சானதும் அதுவே. ஏரியின் உயிரைக் காத்து வந்தது குறுக்குப் பயணம் என்பது மெல்லத்தான் புலப்படும்.

நீராவி வருமுன் ஏரியை ஆண்டவை பாய்மரத் தோணிகள். நடுநிலக் கடலின் பழைய கப்பல்களை நினைவூட்டும் இரண்டு பெரிய முக்கோணப் பாய்களுடன் அவை சென்றன. சவாய்க் கரையில் மெய்யெரி என்னும் ஊரில் வெட்டிய கற்களை அவை ஜெனீவாவுக்குக் கொண்டு சேர்த்தன. அந்நகரத்து வீடுகள் பலவும் ஏரி கடந்து வந்த கல்லால் எழுந்தவை. சரக்குக்கு இத்தோணிகள் ஏற்றவை, மனிதருக்கு அவ்வாறில்லை. காற்று நின்றால் பயணம் நிற்கும். காற்று மிகுந்தால் உயிர் ஊசலாடும். 1816ஆம் ஆண்டுக் கோடையில் ஆங்கிலக் கவிஞர் பைரனும் ஷெல்லியும் படகேறி ஏரியைச் சுற்றி வந்தபோது, மெய்யெரிக்கு அருகே புயலில் சிக்கினர். ஷெல்லிக்கு நீந்தத் தெரியாது. அன்று படகு கவிழ்ந்திருக்குமாயின் ஆங்கில இலக்கியம் இழந்திருக்கக்கூடியது கொஞ்சமன்று.

அதற்கு ஏழு ஆண்டுகள் கழித்து நீராவி வந்தது. கொண்டு வந்தவர் சுவிட்சர்லாந்துக்காரர் அல்லர். பிரான்சில் அமெரிக்கக் கான்சலாகப் பணியாற்றிய எட்வர்டு சர்ச் என்பவர், தம் நாட்டு ஆறுகளில் ஓடிய நீராவிக் கப்பல்கள் இந்த மலைநாட்டு ஏரியில் ஓடலாகாதா என்று எண்ணினார். மரத்தாலான உடலைக் கட்டப் பொர்தோ நகரத்துக் கப்பல் தச்சர் வந்தார். எந்திரம் இங்கிலாந்தின் லிவர்பூலிலிருந்து வந்தது. கடலுடன் கப்பல் வழியே இல்லாத ஓர் ஏரிக்கு அத்தனை எடையும் தரைவழியே வர வேண்டியிருந்தது. வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும், ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும் என்று நம்மவர் சொல்வது இந்த ஏரியைப் பொறுத்தவரை பழமொழியே அன்று, நடைமுறை. பின்னாளில் சுவிட்சர்லாந்தின் மறுகோடியிலுள்ள வின்டர்தூரில் சுல்சர் தொழிற்சாலை செய்த பெருங்கப்பல்களும் பகுதி பகுதியாக இரயிலேறி வந்து, லொசான் நகரின் துறையாகிய ஊஷியில் ஒன்றுகூட்டப்பெற்றன.

1823ஆம் ஆண்டு சூன் மாதம் அந்த முதற்கப்பல் பயணிகளுடன் புறப்பட்டது. சுவிட்சர்லாந்தின் நீர்களில் ஓடிய முதல் நீராவிக் கப்பலும் அதுவே. பெயர் 'கியோம் தெல்'. வில்லம்பால் ஆப்பிளைப் பிளந்த வில்லியம் டெல் என்னும் வீரனின் பிரெஞ்சு வடிவம். ஜெனீவா சுவிஸ் கூட்டமைப்பில் சேர்ந்து அப்போது எட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அமெரிக்கர் ஒருவர் கருதி, பிரெஞ்சுத் தச்சர் கட்டி, ஆங்கில எந்திரம் உந்திய கப்பலுக்கு சுவிஸ் வீரனின் பெயரைச் சூட்டியதில் வணிக நுட்பம் இருந்தது எனலாம். மறு ஆண்டே போட்டிக்கு ஒரு கப்பல் வந்தது. அதன் பெயரும் பழைய போர்வீரன் ஒருவனுடையது: 'விங்கெல்ரீட்'. சர்ச் இங்கேயே தங்கிவிடவில்லை. போடன் ஏரியிலும் மாஜோரே ஏரியிலும் நீராவிக் கப்பல்கள் தோன்றவும் அவர் காரணமானார்.

இக்கப்பல்களைப் பற்றிய நூல்கள் எந்திரத்தின் குதிரைத்திறனை விரிவாகக் கூறும். பயணி எப்படிக் கரையேறினான் என்பதைப் பெரும்பாலும் ஓரிரு வரியில் முடிக்கும். முதல் முப்பது ஆண்டுகள் போலக் கரையூர்களில் கப்பல் அணையத் தக்க துறைமேடைகள் மிக அரிது. கப்பல் கரைக்குச் சற்றுத் தொலைவில் எந்திரத்தை நிறுத்தும். ஊரிலிருந்து துடுப்புப் படகொன்று எதிர்வரும். பெட்டியும் குழந்தையுமாகப் பயணிகள் அதில் இறங்க வேண்டும். ஏற வேண்டியவர் அதிலிருந்து ஏற வேண்டும். இவ்வேலையைச் செய்த ஓடக்காரர்களை 'ரதலர்' என்று அழைத்தனர். அலை எழுந்த நாளில் முழுப் பயணத்திலும் அச்சம் மிகுந்த கணம் அந்த இறக்கமே. நீராவி ஓடக்காரனின் தொழிலைப் பறித்தது என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். இங்கு நடந்தது சற்று வேறு. நீராவிதான் இவர்களுக்கு ஒரு தொழிலைக் கொடுத்தது. பின்னர் ஊர்தோறும் மரத்தாலும் இரும்பாலும் கட்டப்பெற்ற துறைமேடைகளே அதனைத் திரும்ப எடுத்துக்கொண்டன. கல் சுமந்த பாய்மரத் தோணிகளும் நீராவியால் அழிந்துவிடவில்லை. 1904ஆம் ஆண்டிலும் 'நெப்டியூன்' என்னும் புதிய தோணி கட்டப்பெற்றது, 1932இல் 'வோதுவாஸ்' கட்டப்பெற்றது. அவற்றை வென்றது கப்பலன்று. சாலையில் ஓடிய லாரி.

நெடுக்குப் பயணத்துக்கு முதல் அடி இரயிலால் விழுந்தது. ஜெனீவாவுக்கும் லொசானுக்கும் இடையே 1858இலும், லொசானுக்கும் வில்நெவுக்கும் இடையே 1861இலும் இருப்புப்பாதை முடிந்தது. வடகரை முழுவதும், கப்பல் சென்ற வழிக்கு இணையாக, நீரோரத்திலேயே இரயில் ஓடலாயிற்று. அவசரமுள்ளவன் இனிக் கப்பலேற வேண்டியதில்லை. ஒன்றையொன்று கட்டணத்தால் கடித்துக் குதறிக்கொண்டிருந்த கப்பல் நிறுவனங்களுக்கு ஒன்றுபடுவதைத் தவிர வேறு வழியில்லாது போயிற்று. 1873ஆம் ஆண்டு சனவரியில் மூன்று நிறுவனங்கள் இணைந்து 'லெமான் ஏரிப் பொதுக் கப்பல் நிறுவனம்' பிறந்தது. பிரெஞ்சு மொழிப் பெயரின் முதலெழுத்துக்களால் சே.ஜே.என். என்று இன்றுவரை வழங்குவது அதுவே. அவசரமுள்ளவனை இரயிலுக்கு விட்டுவிட்டு, அவசரமில்லாதவனைத் தேடி இந்நிறுவனம் புறப்பட்டது. மோந்த்ரோவில் தங்கும் விடுதிகள் பெருகிய காலம் அது. எவியானின் ஊற்றுநீரைப் பருகச் செல்வந்தர் வந்தனர். பைரன் பாடிய ஷியோன் கோட்டையைக் காண ஆங்கிலேயர் கூட்டமாக வந்தனர். மேல்தளத்தில் கண்ணாடிச் சாளரங்களுடன் கூடிய உணவுக்கூடங்கள் அமைந்த 'சலோன்' கப்பல்கள் இவர்களுக்காகவே எழுந்தன.

அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் மூன்று துயரங்கள் நேர்ந்தன. மூன்றையும் ஒருங்கே வைத்துக் காண்பது தகும்.

முதலாவது, 1883ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள். எவியானுக்கும் ஊஷிக்கும் இடைப்பட்ட குறுக்கு வழியில், கொந்தளித்த ஏரியில், 'ரோன்', 'சீஞ்' என்னும் இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. இரண்டும் ஒரே நிறுவனத்துக்கு உரியவை. 'ரோன்' மூழ்கியது. பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏரியின் மிக ஆழமான பகுதி அது. கப்பலை மீட்பதென்ற பேச்சுக்கே அக்காலத்தில் இடமில்லை. உல்லாசப் பயணமெல்லாம் கோடையில் நடப்பவை. நவம்பர் மாலையில் ஏரியைக் கடப்பவர் கடக்க வேண்டியிருந்ததால் கடப்பவர் என்பது இங்கே கருதத்தக்கது.

இரண்டாவது, 1892ஆம் ஆண்டு சூலை 9ஆம் நாள். கோடையின் உச்சம். 'மோன்பிளான்' ஊஷித் துறையில் நின்றது. கொதிகலனின் மேலிருந்த நீராவிக் குவிமாடம் திடீரெனப் பிய்த்துக்கொண்டு முதல் வகுப்புக் கூடத்துக்குள் பாய்ந்தது; அதன்பின் கொதிக்கும் நீராவி அக்கூடத்தை நிறைத்தது. 26 பேர் மாண்டனர். கப்பலோ மூழ்கவில்லை, கரையும் எட்டிப்பிடிக்கும் தொலைவிலேயே இருந்தது. கூடுதல் கட்டணம் கொடுத்து நல்ல இருக்கையில் அமர்ந்தவர்களை விபத்து தேடிச் சென்றது. அழகிய கூடத்துக்கும் எரியும் கொதிகலனுக்கும் நடுவே ஒரு சுவர்தான் இருந்தது என்பதை அந்நாளையப் பயணிகள் பின்னும் நெடுங்காலம் மறந்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவது துயரம் உலகறிந்தது. 1898ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள், ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத், தோழி ஒருத்தி மட்டும் துணைவர, ஜெனீவாவின் விடுதியிலிருந்து கப்பல் துறையை நோக்கி நடந்தார். மோந்த்ரோ திசையில் செல்லும் 'ஜெனீவா' என்னும் கப்பல் புறப்படும் நேரம். அது 1896ஆம் ஆண்டு, அந்நகரத்தில் சுவிஸ் தேசியக் கண்காட்சி நிகழ்ந்த ஆண்டிலேயே, ஓடத்தொடங்கிய புதுக் கப்பல். கரையோரச் சாலையில் லூக்கேனி என்னும் இத்தாலியக் கூலித் தொழிலாளி ஓடிவந்து, கூராக்கிய அரத்தால் அவர் நெஞ்சில் குத்தினான். கையால் அடித்தான் என்றே பேரரசி எண்ணினார். எழுந்து, உதவியவர்களுக்கு நன்றி கூறி, நடந்து சென்று கப்பலேறினார். கப்பலும் புறப்பட்டது. அதன்பின்பே அவர் சாய்ந்தார். மார்புக் கச்சையைத் தளர்த்தியபோது சிறு இரத்தத் துளி தெரிந்தது. வேறு பெயரில் பயணம் செய்தவர் யாரென்று கப்பல் தலைவருக்குத் தெரியாது. தோழி சொன்ன பின்பே தெரிந்தது. கப்பல் திரும்பியது. கைக்குக் கிடைத்தவற்றைக் கொண்டு அமைத்த தூக்குக் கட்டிலில் அவரை விடுதிக்குக் கொண்டு சென்றனர். அங்கே உயிர் பிரிந்தது. அரசகுலத்தார் எவராயினும் ஒருவரைக் கொல்வதே தன் நோக்கம் என்று லூக்கேனி கூறினான். எழுதப்பெற்ற நூல்களெல்லாம் பேரரசியைப் பற்றியவை. கப்பலைப் பற்றியது ஒரே ஒரு செய்தி: அது நடுவழியில் திரும்பியது.

இத்துயரங்கள் எவையும் நெடுக்குப் பயணத்தின் பொற்காலத்தைத் தடுக்கவில்லை. 1904இல் 'மோந்த்ரோ', 1907இல் 'வெவே', 1908இல் 'இத்தாலி', 1910இல் 'லா சுவிஸ்', 1914இல் 'சவாய்' என வெள்ளைக் கப்பல்கள் அணிவகுத்தன. சிம்ப்ளோன் மலைச் சுரங்கம் 1906இல் திறக்கப்பெற்று, இந்த ஏரிக்கரையின் இரயில் நேரே இத்தாலி செல்லத் தொடங்கிய பின்னரே 'இத்தாலி' என்ற பெயரும், அடுத்து 'சிம்ப்ளோன்' என்ற பெயரும் கப்பல்களுக்கு வந்தன. தம் வயிற்றில் அடித்த இரயிலின் பெயரைத் தம் மேலேயே எழுதிக்கொண்ட கப்பல்கள் என்று இவற்றைச் சொல்லலாம். ஏறத்தாழ 78 மீட்டர் நீளமுள்ள 'லா சுவிஸ்' இவற்றுள் தலையாயது. இக்கப்பல்களின் நடுவே தளம் திறந்திருக்கும். கைப்பிடியில் சாய்ந்து நின்று, கீழே பளபளக்கும் எஃகுத் தண்டுகள் துடுப்புச் சக்கரங்களைச் சுழற்றுவதைப் பயணிகள் காணலாம். அந்நாளில் அதற்கும் கீழே கரி வாரிக் கொட்டிக்கொண்டிருந்தவர்கள் கண்ணில் படமாட்டார்கள்.

1914இல் போர் மூண்டது. பயணிகள் மறைந்தனர், கரி கிடைப்பது அரிதாயிற்று. போருக்கு முன்னரே தொடங்கப்பெற்ற 'சிம்ப்ளோன்' 1920இல்தான் ஓடத்தொடங்கியது. 1926இல் 'ஹெல்வேசி', 1927இல் இன்னொரு 'ரோன்'; அத்துடன் புதிய துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல் கட்டும் காலம் இந்த ஏரியில் முடிந்தது. இரண்டாம் உலகப் போரில் நிலைமை இன்னும் கொடியது. எதிர்க்கரை பகைவர் ஆளுகைக்கு உட்பட்ட நாடாயிற்று. நேற்றுவரை கட்டணம் செலுத்திக் கடந்த நீரை அடைக்கலம் தேடியோர் இரவில் சிறு படகுகளில் கடக்க முயன்றனர். எல்லைக்கோடு ஊரின் நடுவே ஓடும் சான் ஜாங்கோல்ஃபில், 1944ஆம் ஆண்டு சூலையில் செருமானியர் பிரெஞ்சுப் பகுதிக்குத் தீ வைத்தபோது, அவ்வூர் மக்கள் சிற்றாற்றைத் தாண்டி சுவிஸ் பகுதிக்கு ஓடி உயிர் பிழைத்தனர்.

போருக்குப் பின் கப்பல்களுக்கு வந்த எதிரி அவற்றின் சொந்தக் கொதிகலனே. நீராவிக்கு ஆளும் எரிபொருளும் மிகுதியாக வேண்டும், டீசல் சிக்கனமானது. 'ஜெனீவா' 1934இலேயே டீசல்-மின் எந்திரத்துக்கு மாற்றப்பெற்றிருந்தது. 1950களிலும் 60களிலும் 'வெவே', 'இத்தாலி', 'மோந்த்ரோ' ஆகியவையும் அவ்வழியே சென்றன. வேறு சில உடைத்து விற்கப்பட்டன. அக்கணக்கைப் போட்டவர்களை இன்று பழிப்பது எளிது. ஆனால் அவர்கள் அப்படி மாற்றியிராவிட்டால் அக்கப்பல்கள் இரும்புக் கடைக்கே போயிருக்கும்.

இந்த இடைவெளியில்தான் ஏரியின் மூன்றாம் திசையும் பயணிகளுக்குத் திறந்தது. 1964ஆம் ஆண்டு லொசானில் நடந்த தேசியக் கண்காட்சிக்காக ஜாக் பிக்கார் என்னும் ஆழ்கடல் ஆய்வாளர் ஒரு நீர்மூழ்கியைக் கட்டினார். நாற்பது பயணிகள் அமர்ந்து, ஒவ்வொருவரும் தமக்குரிய வட்டச் சாளரம் வழியே ஏரியின் அடியைக் காணலாம். உல்லாசப் பயணிகளுக்கென்றே உலகில் செய்யப்பெற்ற முதல் நீர்மூழ்கி அது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் இறங்கி ஏறினர். கலங்கிய நீரில் அவர்கள் கண்டது மிகுதியில்லை. ஆயினும் கண்டதைவிட, இறங்கியதே அவர்களுக்குப் பெரிதாக இருந்திருக்கும். தொலைநோக்கு மிகுந்த அத்திட்டம் கண்காட்சிக்குப் பின் இந்த ஏரியில் நிலைக்கவில்லை.

பழங்கப்பல்களுக்கு மறுவாழ்வு வந்தது, அவற்றின் பயன் முற்றும் தீர்ந்துவிட்டதென்று கருதப்பட்ட பிறகு. 2001ஆம் ஆண்டில் 'மோந்த்ரோ'வின் டீசல் எந்திரத்தை அகற்றிவிட்டு, வின்டர்தூரில் புதிதாகச் செய்த நீராவி எந்திரத்தைப் பொருத்தினர். சிக்கனத்துக்காக நீராவியைத் துறந்த கப்பல், பெருஞ்செலவில் நீராவிக்குத் திரும்பியது. 2002இல் அமைந்த நீராவிக் கப்பல் அன்பர் சங்கம் ஊர் ஊராக நிதி திரட்டியது. 'லா சுவிஸ்' நெடிய பழுதுபார்ப்புக்குப் பின் 2009இல் மீண்டும் நீரில் இறங்கியது. 2011இல் வோ மாநில அரசு எஞ்சிய எட்டுத் துடுப்புச் சக்கரக் கப்பல்களையும் வரலாற்றுச் சின்னங்களாக அறிவித்தது. கோட்டைக்கும் கோயிலுக்கும் உரிய பாதுகாப்பு, மிதந்து நகரும் பொருளுக்குக் கிடைத்தது.

ஆனால் இதே ஆண்டுகளில், செய்தியாளர் கூடாத வேறொரு துறையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. தென்கரையில் எவியானுக்குக் கிழக்கே சான் ஜாங்கோல்ஃப் நோக்கிச் சென்ற இரயில் 1930களின் இறுதியிலேயே பயணிகளைக் கைவிட்டிருந்தது. ஏரிக்கு மேலே பாலம் ஜெனீவாவின் முனையில் மட்டுமே. சுவிஸ் பக்கம் ஊதியம் அதிகம், பிரெஞ்சுப் பக்கம் வீட்டு வாடகை குறைவு. ஆட்கள் எல்லை தாண்டி வேலை செய்வதை எளிதாக்கிய ஐரோப்பிய ஒன்றிய உடன்பாடு 2002ஆம் ஆண்டு சூனில் நடைமுறைக்கு வந்ததும், எவியானிலிருந்தும் தொனோனிலிருந்தும் லொசானுக்கு நாள்தோறும் கடப்போர் பெருகினர். சாலை வழியே ஏரியைச் சுற்றினால் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். எவியான் படகு முப்பத்தைந்து நிமிடத்தில் ஊஷியில் சேர்க்கும். 1883இல் இரு கப்பல்கள் மோதிய அதே வழி. நியோனுக்கும் பிரெஞ்சுக் கரையின் இவ்வாருக்கும் இடையே இருபது நிமிடம். இத்தடங்களுக்காக 2007இல் வந்த புதிய படகுகளுக்குப் பழைய வீரர் பெயர்கள் வைக்கப்படவில்லை. பேருந்தை நினைவூட்டும் 'நாவிபஸ்' என்ற வகைப்பெயரே போதுமானதாக இருந்தது. இதனையும் தாழ்வாகக் கொள்ள வேண்டியதில்லை. ஜெனீவாத் துறைமுகத்தின் இரு கரைகளை இணைக்கும் சின்னஞ்சிறு 'மூவெத்' படகுகள் 1897 முதல் அப்படித்தான் ஓடுகின்றன. 2019ஆம் ஆண்டு டிசம்பரில் ஜெனீவாவிலிருந்து எவியான் வரை புதிய இரயில் சேவை தொடங்கியது. அப்போதும் எவியானிலிருந்து லொசான் செல்வோருக்குப் படகே வழி. கரையோரம் எத்தனை இரயில் விட்டாலும் அது நெடுக்காகத்தானே ஓடும்!

விடியலில் எவியான் துறையில் வரிசையில் நிற்போர் மருத்துவமனைத் தாதியர், உணவக ஊழியர், அலுவலர். மோந்த்ரோவின் மலைகள் எதிரே சிவந்து வருவதை இவர்களுள் நிமிர்ந்து பார்ப்போர் சிலரே. பழைய வெள்ளைக் கப்பல்கள் அந்நேரத்தில் துறையில் கட்டியே கிடக்கும்.

பேரரசியை ஏற்றிக்கொண்டு பாதி வழியில் திரும்பிய 'ஜெனீவா'வும் கட்டியே கிடக்கிறது, அது நிரந்தரமாக. ஓய்வுபெற்ற அக்கப்பலை உடைக்காமல் காத்து, 1974 முதல் வீடும் வேலையும் இழந்தோருக்கான புகலிடமாக ஒரு சங்கம் நடத்தி வருகிறது. ஜெனீவா நகரின் இடக்கரையில், விலையுயர்ந்த உல்லாசப் படகுகளுக்கு அண்மையில் அது மிதக்கிறது. காலையில் வருவோரிடம் பெயர் கேட்பதில்லை. காப்பியும் ரொட்டியும் கொடுக்கிறார்கள்.